இரண்டாம் ஓலை

22 ஜனவரி 1971, வெள்ளி
கல்யாணப் புடவை வந்துவிட்டது. மாப்பிள்ளை ஜெயபால், மண்ணூர்பேட்டையில் லேத் வேலை. ஒரே ஒரு முறை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்பத்தூர்க் கோயிலில் போன ஞாயிறு முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். பிப்ரவரியில் கல்யாணம்.

24 ஜனவரி, ஞாயிறு
பூசையில் இரண்டாம் ஓலை. 'ஜெயபாலுக்கும், அந்தோணிராஜ் மகள் சகாயமேரிக்கும்... தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.' சாமியார் வழக்கம்போலத்தான் வாசித்தார். நான் எழுந்து நின்றேன்.
"எனக்கு இஷ்டமில்ல, சாமி."
யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்க்க இருந்தேன். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

25 ஜனவரி
அப்பா கேட்டார். "எவனையாவது மனசுல வச்சிகினு கீறியா?"
"இல்லப்பா."
"அப்புறம் இன்னாத்துக்குடி எழுந்து நின்ன?"
"தெர்ல."
நிஜமாகவே தெரியவில்லை. அடித்திருந்தால் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

27 ஜனவரி
எடுத்தேன் கவுத்தேன்னு பேசிட்டா, புத்தி கெட்டவ – அத்தை வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்கிறாள். சோறு இறங்குகிறது. தூக்கம் வருகிறது. வெட்கமாவது வர வேண்டாமா எனக்கு?

30 ஜனவரி, சனி
ஜெயபால் வந்தார். அம்மா நாற்காலி போட்டும் உட்காரவில்லை.
"நாயம் கேக்க வர்ல. என்கிட்ட இன்னா கொறை, அத்த மட்டும் சொல்லு."
"ஒண்ணுமில்ல."
"ஒண்ணுமில்லாததுக்கா அவ்ளோ ஜனத்து முன்னாடி..."
"ஊட்ல யாரும் என்னைக் கேக்கல. அன்னிக்கி சாமியார் கேட்டாரு. சொல்லிட்டேன்."
வாயில் வந்த பிறகுதான் அதுதான் காரணம் என்று எனக்கே தெரிந்தது. 
"நானும் கேக்கல" என்றார். போய்விட்டார்.

8 பிப்ரவரி
இன்றைக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். துணி துவைத்தேன்.

2 மார்ச்
அப்பா இன்னும் பேசவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை – அழுகை, கோபம், எதுவும்.

25 ஏப்ரல், ஞாயிறு
ஜெயபாலுக்கு வேப்பம்பட்டில் பெண் நிச்சயமாகிவிட்டது. அம்மா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தட்டு மாற்றும் நேரத்தில், பெரியவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லார் எதிரிலும் பெண்ணிடமே கேட்டாராம் – 'உனக்கு சம்மதமா?' என்று. அங்கிருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்களாம்.
"அவ இன்னா சொன்னா?"
"சரின்னாளாம்."
கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்து முடித்து, முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். வெகுநேரம் அழுதேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.