தகரம் தெரிய ஒரு படம்

லண்டன்
04.02.2024

அன்பு மகள் கஜானிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். நீரும் அம்மாவும் நலந்தானே? மறைந்த என் மனைவி றோஸின் நினைவுப் புலமைப்பரிசில் இம்முறை உமக்குத்தான். படிப்பு முடியும்வரை அறை வாடகையும் சாப்பாடும் எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உமது கையெழுத்தில் கடிதம் வரவேண்டும். போனில் தட்டி அனுப்பினால் ஏற்கமாட்டேன்!

அங்கே எனக்கு உதவியாக இருக்கும் றெஜி வந்து படம் எடுப்பார். றோஸின் படத்தைப் பிடித்தபடி அம்மாவுடன் வீட்டு வாசலில் நில்லும். கூரைத் தகரம் தெரிந்தால் நல்லது. இங்கே சபையில் பார்ப்பவர்களுக்கு மனமிரங்கும், இன்னும் நாலு பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கும்.

அன்புடன்,
நேசராஜா அங்கிள்

வல்வெட்டித்துறை
20.02.2024

மதிப்பிற்குரிய அங்கிள்,

உங்கள் கடிதத்தை அம்மா சாமிப் படத்தடியில் வைத்துவிட்டா. கம்பஸுக்குக் கிட்ட அறை எடுத்துவிட்டேன். இனி விடிய ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை.

றெஜி அண்ணை வந்தார். அம்மா தன்னுடைய ஒரேயொரு பட்டுச்சேலையைக் கட்டி, தலை வாரி இழுத்து, ஆயத்தமாக நின்றா. "உது சரிவராது அம்மா, வீட்டிலை கட்டிறதைக் கட்டுங்கோ" என்றார். அம்மா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தா. படத்தில் றோஸ் அன்ரி அழகாகச் சிரிக்கிறா.

என்றும் நன்றியுள்ள,
கஜானி

வல்வெட்டித்துறை
02.04.2024

மதிப்பிற்குரிய அங்கிள்,

நீங்கள் பேஸ்புக்கில் போட்ட படம் எங்கள் வகுப்பு வட்ஸ்அப்புக்கும் வந்தது. "அடுப்பெரியாத வீட்டின் அறிவுச்சுடர்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாள் இல்லை, அங்கிள். அம்மா விடியவே இடியப்பம் அவித்து விற்றுத்தான் என்னைப் படிப்பித்தவ.

இப்போது இடியப்பம் வாங்க வருகிறவர்கள் மிச்சக் காசை வாங்குகிறார்களில்லை. "வைச்சிருங்கோ அக்கா" என்கிறார்கள். "நான் பிச்சையே எடுத்தனான்?" என்று அம்மா என்னிடம் கேட்டா. அன்றோடு அவிப்பதை நிறுத்திவிட்டா. நானும் அறையை விட்டு வந்துவிட்டேன். வகுப்புக்குப் போக முகமில்லை. நீங்கள் நல்லதுதான் நினைத்தீர்கள் என்று தெரியும். ஆனால் உதவி இனி வேண்டாம்.

கஜானி

லண்டன்
19.04.2024

கஜானி,

படத்தைப் பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பார்த்தவர்கள் பார்த்ததுதான், அதை எப்படி எடுப்பேன்? வெட்கத்தில் இரண்டு ஞாயிறாக ஆலயத்துக்குப் போகவில்லை.

றோஸ் மிஷன் பள்ளி விடுதியில் தருமக் காசில் படித்தவள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அந்த விடுதிப் பிள்ளைகளின் கையில் ஒரு நீலத் துணியைக் கொடுத்து, மேடையில் நிறுத்தி, வெளிநாட்டுக்கு அனுப்பப் படம் எடுப்பார்களாம். நாங்கள் வாழ்ந்த முப்பத்தெட்டு வருடமும் அவள் நீலத்தில் ஒன்றும் உடுத்தவில்லை. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். தெரிந்திருந்தும் இதைச் செய்தேன், பிள்ளை. உமது கையில் சிரிக்கிறவளை நானே மறுபடியும் மேடையேற்றிவிட்டேன்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது. பணம் வரும். பேஸ்புக் இல்லை, படம் இல்லை, நன்றிக் கடிதமும் வேண்டாம். படிப்பை மட்டும் விட்டுவிடாதேயும். கோபம் இருந்தால் மட்டும் எழுதும்.

நேசராஜா

வல்வெட்டித்துறை
13.05.2024

அங்கிள்,

கோபம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீலத் துணி வந்த இடத்தில் நிற்பாட்டச் சொன்னா. பிறகு, "அந்த நீலத் துணிப் பிள்ளையின்ரை பேரிலை எண்டால் காசை வாங்கு" என்றா. இன்று ஐந்து மணி பஸ்ஸில் வகுப்புக்குப் போய்வந்தேன்.

விடிய நான் எழும்பியபோது குசினி அடுப்பெரியாமல் இருட்டாகக் கிடந்தது. அம்மா இன்னும் மறுபடி இடியப்பம் அவிக்கத் தொடங்கவில்லை. அதற்காகத்தான் கோபம்.

கஜானி