முன்பக்கத்துப் பால்கனி

வீடு கட்டும்போது ஒரு செங்கல்லைக்கூட எண்ணாமல் இறக்கவிடாத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீடு நன்றாக இருக்கிறது. மாடிப்படிக் கைப்பிடி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. கீழே குடியிருக்கும் செல்வி அக்கா வாடகையைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுகிறார். மோட்டார் சுவிட்சுக்கு மேல் நீங்கள் எழுதி ஒட்டிய "யாரும் கை வைக்காதீர்கள்" அப்படியே இருக்கிறது, நாங்களும் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெரிய செய்தி இனிமேல்தான். நீங்கள் காசு போதாமல் நிறுத்தி வைத்த பால்கனியை நான் கட்டப் போகிறேன்.

பம்பு கம்பெனி ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணுகிறவளுக்குப் பால்கனி ஒரு கேடா என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்கில்லை அப்பா, அம்மாவுக்கு. நீங்கள் போனதிலிருந்து அம்மா மாடியை விட்டு இறங்குவதே இல்லை. தள்ளுவண்டிக்காரரிடம் வாசல் கேட் அருகே நின்று அரைமணி நேரம் பேரம் பேசுகிறவள், இப்போது காய்கறியைப் போனில் சொல்லி வரவழைக்கிறாள். வாசலுக்கு வா என்றால் நாளைக்கு என்பாள். வீட்டுக்குள்ளும் பேச்சுக் குறைந்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. அவள் தெருவுக்குப் போகாவிட்டால் போகட்டும், மாடியிலிருந்தாவது தெருவைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

உங்கள் மேஸ்திரி ரங்கசாமியைத்தான் கூப்பிட்டேன். வந்தவர் முன்பக்கத்தை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க அம்மணி, பொறவு கட்டிக்கலாம்னு ஐயா நீட்டி உட்ட கம்பியெல்லாம் துருப்புடிச்சுப் போச்சுங்க. அதை நம்பிப் பாரத்தை ஏத்தக் கூடாதுங்க. முன்னாடின்னா கீழிருந்து ரெண்டு தூணு எழுப்போணும். பின்னாடி பொடக்காளிப் பக்கம்னா துணி தொவைக்கற எடத்துச் செவுரு இருக்குது, அது மேலயே தளம் போட்டுக்கலாமுங்க. செலவு பாதிதான்."

அம்மா உள்ளிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பொடக்காளிப் பக்கமே போதுங் கண்ணு. உங்கப்பா போன பொறவு நான் முன்னாடி போயி உக்காந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

யார் அப்பா அந்த நாலு பேர்? நம் தெருவில் நான் இதுவரை அவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை.

கையிலிருந்த பணமும் அம்மா பக்கம்தான் பேசியது. கம்பி, சிமெண்ட், எம்சாண்ட், ஆள்கூலி, கிரில், டைல்ஸ் என்று எழுதினேன். எதற்கும் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வை என்பீர்களே, அதையும் ஒதுக்கினேன். பின்பக்கம் மூன்றரை அடி அகலத்துக்குச் சரியாக வந்தது. தூண் என்ற சொல்லை எழுதியதும் கணக்கு உதைத்தது.

இந்த வீட்டைக் கட்டுமுன் நீங்கள் காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு அறைக்குள்ளும் எங்களைப் படுக்க வைத்து அளவு பார்த்தது நினைவிருக்கிறதா? நானும் மாடிப் பின்கட்டுத் தரையில் சாக்பீஸால் பால்கனியை வரைந்தேன். அம்மா அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காபியும் அங்கேயே. நான் கோட்டை மிதித்துப் போனபோது, "செவுத்து மேல நடக்காதே கண்ணு" என்றாள். ஒரு வருடத்தில் அவள் செய்த முதல் கேலி அது. ஆனால் அங்கிருந்து ஜன்னல் வழியே தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். இரண்டே நாளில் மறுபடி மௌனமாகிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கீழே தள்ளுவண்டிச் சத்தம். செல்வி அக்கா விலை கேட்க, "கால் கிலோ வெண்டைக்கா நாப்பது ரூவாங்க" என்று பதில் வந்தது. அம்மாவின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. அக்கா பேரம் பேசாமல் பையை நீட்டிவிட்டார் போலிருக்கிறது. அம்மா டம்ளரை வைத்தாள், கோட்டை மிதித்துக்கொண்டே நடந்தாள், முன்பக்க ஜன்னலை விரியத் திறந்தாள்.

"ஏனுங்க! காங்கேயத்துல இருந்து தலைச்சுமையாவா கொண்டாந்தீங்க? நாப்பது ரூவாய்க்கு அரைக் கிலோ போடுங்க!"

தள்ளுவண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்து, தராசைக் கீழே வைத்துவிட்டார். "அம்மாவுங்களா! நல்லா இருக்கறீங்களா? உங்க சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சுங்க! நீங்க சொன்னாச் சரிங்க, அரைக் கிலோவே போட்டர்றேன்."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நகரவில்லை. நான் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் அவளே சாக்பீஸைக் கேட்டு வாங்கி, முன் ஹாலில் கோடு போட்டாள். மூன்றரை அடி இல்லை, நாலரை. "முன்னாடியே கட்டிப்போடலாங் கண்ணு. நான் பொடக்காளியில உக்காந்துட்டா இங்க ஆளாளுக்கு ஏமாந்து போயிருவாங்க."

"அந்த நாலு பேரு பேசுவாங்களேம்மா?" என்றேன்.

"அவுங்களுந்தான் வெண்டைக்கா வாங்கோணும்" என்றாள்.

இப்போது கணக்கு மாறிவிட்டது. டைல்ஸ் போயிற்று, சிமெண்ட் தரைதான். கிரில்லுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். என் புது ஸ்கூட்டர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. மீதியை அம்மா பார்த்துக்கொண்டாள். தூண் கூலிக்கு ரங்கசாமியை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசினாள். அவர் வியர்வையைத் துடைத்தபடி என்னிடம், "ஐயாவே தேவலைங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்தில் ஒரு பங்கை நான் இன்னும் தொடவில்லை.

தைக்குள் தளம் போட்டுவிடுவேன் அப்பா, இது என் வாக்கு. இன்னொரு வாக்கும் தருகிறேன். அம்மா அங்கே போய் உட்கார்ந்த பிறகு, வெயில் ஏறினாலும் இருட்டினாலும், அவளை உள்ளே வா என்று யாரும் கூப்பிட விடமாட்டேன். நானும் கூப்பிட மாட்டேன்.

அம்மாவிடம் ஒரு அடி அகலம் தோற்றுப்போன,
உங்கள் ஒரே மகள்
கவிதா