மிதி, புடி, உடு

இன்று காலை கார் கொட்டகையைத் திறந்ததும் பிரேக் ஆயில் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. நீங்கள் போன பிறகு அந்தக் காரை யாரும் ஓட்டவில்லை. அதன் அடியில் யாரும் படுக்கவும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த வாசனை? உங்கள் சட்டையிலும் தலையணையிலும் இந்த வாசனை வருகிறது என்று எத்தனை வருடம் திட்டியிருப்பேன்! "சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்று கத்துவேன். "கழுவிட்டேன் புள்ள, இது தோலுக்குள்ளயே போயிடுச்சு" என்பீர்கள். இன்று அதே வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். பயமாகவும் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

நம் மகன் காருக்கு ஆள் பார்த்துவிட்டான். இன்று வந்து எடுத்துப் போகிறார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சக்களத்தி என்று பேர் வைத்துக் கூப்பிட்டவள் நான்தானே? காட்டில் வேலை இல்லை என்றால் போதும், பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டுவிடுவீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பீர்கள். "என்னங்க சொல்றா?" என்று நான் கேட்டால், "வால்வு தட்டுதுங்கறா. நீ பொறாமப்படாத" என்று பதில் வரும்.

அதை வாங்கிய நாளைப் பற்றி மட்டும் நீங்கள் பேச மாட்டீர்கள். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். கர்நாடக எல்லையோரம் ஒரு கிராமம், வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். வீட்டுக்காரர் இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவரும் உங்களைப் போலவே எல்லா ரிப்பேரையும் வீட்டிலேயே பார்த்தவராம். நாம் போனபோது அவர் மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வலது கால் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தது. அந்தக் கெண்டைக்கால் நடுங்கியது என் கண்ணிலேயே இருக்கிறது. "எறங்குக்கா, காரு வாங்க வந்துட்டாங்க" என்றார் அவருடைய தம்பி.

"இருடா. அவரு இன்னும் உடச் சொல்லல" என்றார் அந்த அம்மா. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கடைசியில் தம்பிதான் அவரைத் தூக்கி இறக்கினார். நான் உங்கள் கையைக் கிள்ளி, "இந்த வண்டி நமக்கு வேணாங்க" என்றேன். "புருசன் போன துக்கம், பாவம். அதுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்று சாவியை வாங்கிக்கொண்டீர்கள்.

அந்த அம்மா சொன்னது என்னவென்று எனக்கு அந்த ஆடியில்தான் விளங்கியது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தீர்கள். இரண்டும் புதுத்துணியை எடுத்துவைத்துக்கொண்டு குதித்தன. ஆனால் பிரேக் பஞ்சாக இருந்தது. இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடித்தது. பென்னாகரம் தாண்டினால் மலையிறக்கம், வளைவுக்கு வளைவு பள்ளம். பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே பிரேக் விட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் மத்தியானம் காரைப் புங்கமரத்தடியில் நிறுத்தி, கட்டை கொடுத்து, அடியில் படுத்தீர்கள். குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் சீட்டில், நீங்கள் அடியில். "மிதி" என்றால் நான் மிதிக்க வேண்டும். "புடி" என்றால் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் திருகை நீங்கள் திறப்பீர்கள். ஆயிலோடு காற்று குமிழ் குமிழாகப் பாட்டிலுக்குள் வரும். திருகை மூடிவிட்டு "உடு" என்பீர்கள். "நான் உடச் சொல்றவரைக்கும் காலை எடுத்துடாத புள்ள. எடுத்தா மறுபடி காத்து உள்ள போயிடும், பட்ட பாடெல்லாம் வீண்" என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். முகம் தெரியாமல் காலுக்கடியிலிருந்து குரல் மட்டும் வருவது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் கல்லாகிவிட்டது. "அவ்ளோதான், நாளைக்கு ஒகேனக்கல்லு!" என்று நீங்கள் சொன்னது கேட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிடம் என்று சீட்டிலேயே சாய்ந்து கண்ணை மூடியவள் அசந்துவிட்டேன் போல.

"மிதி" என்று அடியிலிருந்து மறுபடி குரல் வந்தது.

கடுப்பாகிவிட்டது எனக்கு. "அடுப்புல மொச்சக்கொட்ட வேகுதுங்க" என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

"ஹிடி."

கன்னடத்தில் புடியைத்தான் அப்படிச் சொல்வார்கள். நம் பக்கம் பாதிச் சனம் கன்னடம் கலந்துதான் பேசும், அதனால் காதில் உறுத்தவில்லை. அழுத்திப் பிடித்தேன். விடச் சொல்லி வரவில்லை. கால் வலித்தது, நடுங்கத் தொடங்கியது. "போதுமாங்க?" என்றேன். கல்லாக நின்ற பெடல் அப்போதுதான் என் காலுக்கடியில் மெல்ல இறங்குவது தெரிந்தது. இறங்கி இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. உங்களைக் கூப்பிடலாம் என்று தலையைத் தூக்கி முன்கண்ணாடி வழியே பார்த்தேன். கடலைக்காட்டு வரப்பில், பம்புசெட் தொட்டியில் குளித்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நீங்கள் வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்தீர்கள்.

ஐயோ, அப்போது நான் பட்ட பாடு! காலை எடுக்கத் துணிவு வரவில்லை.

"ஏன் இன்னும் அங்கியே உக்காந்திருக்க?"

"நீங்கதான மிதின்னீங்க... ஹிடின்னீங்க..."

"நான் எப்ப ஹிடின்னேன்?" என்று சிரிக்க வந்தவர், என் காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டீர்கள். குனிந்து பார்த்தீர்கள். முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மடியும் இடத்தில் முடியளவு விரிசல். கீழே மண் ஈரமாகியிருந்தது. "சும்மா மிதிச்சு உட்டா இது தெரியாது. இவ்ளோ நேரம் புடிச்சாத்தான் கசியும். நான் அப்பிடிப் புடிக்கச் சொல்லலயே" என்றீர்கள். நாளை அந்த இறக்கத்தில் எத்தனை முறை காலைப் பிடித்து வைத்திருப்பீர்கள் என்று இருவருமே நினைத்தோம். பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

"காலை எடு புள்ள" என்றீர்கள். என்னால் முடியவில்லை. அந்த அம்மாவின் கால்தான் நினைவில் வந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு மண்ணில் முழங்காலிட்டு, காருக்கடியில் தலையைக் குனிந்து, அங்கே இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்கிச் சொல்வதுபோல, "உடு" என்றீர்கள். கால் தானாக வந்துவிட்டது.

ஒகேனக்கல் போகவில்லை. பிள்ளைகள் அழுதன, அழட்டும் என்று விட்டோம். புது ஹோஸ் வாங்கி மாட்டினீர்கள். அதற்கப்புறம் பிரேக் வேலை முடிகிற ஒவ்வொரு முறையும் குனிந்து அடியில் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் நகர்வீர்கள். "என்னங்க சொன்னீங்க?" என்றால், "டயரப் பாத்தேன்" என்பீர்கள். நல்ல புளுகர் நீங்கள்!

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்திருந்தபோது உங்களுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தும் எதுவும் வரவில்லை. என் கையை நர்ஸம்மாதான் பிரித்து எடுத்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லைங்க. விடச் சொல்லாமல் போய்விட்டீர்களே!

இன்று காலை, கடைசியாக ஒருமுறை என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "மிதி" என்று அடியிலிருந்து குரல் வந்தது. மிதித்தேன். அடுத்து "புடி" என்று வந்தது. ஹிடி இல்லை, புடிதான். உங்கள் குரல் எனக்குத் தெரியாதா?

ஸ்டீயரிங் மேல் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு இந்த மடலை அங்கேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வலது கால் மரத்துப்போய்விட்டது. பெடல் ஒரு நூல்கூட இறங்கவில்லை, நீங்கள் மாட்டிய ஹோஸ் அப்படி. கார் வாங்க வந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். "எறங்கும்மா, எவ்ளோ நேரம்?" என்கிறான் மகன்.

"இருடா. அவரு இன்னும் உடச் சொல்லல" என்றேன்.

பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். குனிந்து அடியில் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லித்தரவும் மாட்டேன்.