மாமா பறித்த தில்லை

என் பிரியத்துக்குரிய மாமாவுக்கு,

சாந்தோமில் எல்லோரும் சுகம். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னல்களில் நீங்கள் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை ஒருவழியாகக் கிழித்துவிட்டோம். பசையை அவ்வளவு தாராளமாகவா பூசுவது? அத்தை அரை நாள் சுரண்டினார். சுரண்டிய நேரமெல்லாம் உங்களைத்தான் திட்டினார். சண்டை ஓய்ந்துவிட்டதால் உங்கள் மகன் பட்டாளத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவார் போலிருக்கிறது. ரேஷன் அரிசியில் மட்டும் கல் குறைந்தபாடில்லை.

நான் தாவரவியல் படிப்பை முடிக்கப் போகிறேன், மாமா. கல்யாணமான பெண் ஆண்பிள்ளைகளோடு சேற்றிலும் மணலிலும் இறங்கிச் செடி தேடுவதா என்று அத்தை மறுத்தபோது, "நான் கூடப் போறேன், அப்புறம் என்ன?" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையில்தான் இது நடந்தது. ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் அல்லவா, விசிலையும் மறக்காமல் எடுத்து வந்தீர்கள். எலியட்ஸ் கடற்கரையில் நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து அடப்பங்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊதினீர்கள் பாருங்கள், பேராசிரியர் உட்பட அத்தனை பேரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். அன்று எனக்கு மானம் போயிற்று. இன்று நினைத்தால் சிரிப்பு தாங்கவில்லை.

நமக்குள் ஓயாத வழக்கு ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எனக்காகச் செடி கொண்டுவருவீர்கள். எங்கே பறித்தீர்கள் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "செடி கையில இருக்கு. ஊர் எதுக்கு உனக்கு?" என்பீர்கள். எந்தச் செடி எந்தக் கரையில் தானாக வளர்கிறது என்று பார்த்து, தேசப்படத்தில் அந்த இடத்தில் புள்ளி வைப்பதுதான் என் படிப்பு, இடம் தெரியாத செடி எங்களுக்கு வெறும் சருகு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஒரு முறை நான் வற்புறுத்தியதால், "கடற்கரை ஓரம்தான்" என்று சொல்லி ரோஸ் நிறப் பூச்செடி ஒன்றைக் கொடுத்தீர்கள். நானும் நம்பிப் புள்ளி வைத்தேன். பேராசிரியர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மணல்ல தானா முளைச்சதா, யாராவது தண்ணி ஊத்தி வளர்த்ததா?" என்றார். விசாரித்தால், குருமார் வீட்டுத் தோட்டத்துப் பாத்தியில் பிடுங்கியது! அப்போதும் நீங்கள் அசரவில்லை. "அந்த வீடு கடற்கரை ஓரமா இல்லையா?" என்று என்னையே கேட்டீர்கள்.

பிறகு உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் நீண்ட நடை கூடாதென்றார். நீங்களும் நல்ல பிள்ளையாக, சாயங்காலம் மாதா கோவில் வளாகத்தில் நண்பர்களோடு சீட்டாடிவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். போன தவக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, செடிகளை அழுத்திக் காயவைக்கும் என் மரச்சட்டத்தைத் திறந்தேன். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே நான் வைக்காத ஒரு கிளை இருந்தது. இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து வைத்திருந்த விதத்திலேயே அது உங்கள் கை வேலை என்று தெரிந்தது. வழக்கம்போல இடம் மட்டும் எழுதியிருக்கவில்லை.

பேராசிரியர் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அது தில்லை மரக் கிளை, மாமா; உப்பங்கழிச் சேற்றில் வளரும் மரம். தெற்கே பிச்சாவரத்தில் உண்டு, வடக்கே பழவேற்காட்டில் உண்டு. நடுவே நம் பட்டணத்துக் கரையில் என் படம் காலியாகவே இருந்தது. "எங்க பறிச்சது?" என்றார். பறித்தவர் இறந்துவிட்டார் என்றேன். "இடம் தெரியலைன்னா சேர்க்க முடியாதும்மா. எடுத்துடுங்க" என்றார். நியாயம்தான். நானே உங்களிடம் சொன்ன நியாயம்தான். ஆனால் நீங்கள் எனக்குக் கடைசியாகத் தந்ததை எப்படித் தூக்கிப் போடுவேன்? அன்று ஆய்வுக்கூடத்தில் அழுதுவிட்டேன்.

வீட்டில் அத்தையிடம் சொன்னேன். அந்த மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்று நான் சொன்னதும் அவர் பருப்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"கடைசி வாரம் கை வீங்கிப்போய் வந்தாரே! கம்பளிப்பூச்சின்னாரே! சீட்டாடுறேன்னு சொல்லிட்டு எங்க சுத்தினாரு இந்த மனுஷன்?"

அப்படியானால் பச்சைக் கிளையை நீங்களே ஒடித்திருக்கிறீர்கள். நடந்து போகிற தூரத்தில் அந்த மரம் நிற்கிறது. பக்கத்தில் உப்பங்கழிச் சேறு உள்ள இடம் அடையாற்று முகத்துவாரம்தான், அங்கே போய்த் தேடப் போகிறேன் என்றேன். "நானும் வரேன்" என்றார் அத்தை. யார்? நம் அத்தை!

ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரரிடம் உங்கள் அடையாளம் சொன்னோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாம்மா, விசிலு வாத்தியாரு வூட்டாளுங்களா? நைனா நம்ம படகுல தான் அந்தாண்ட திட்டுக்குப் போய்க்கினு இருந்தாரு. மருமவளுக்கு வோணும்னு ஒரு கெளைய ஒடிச்சாரு. கையெல்லாம் பால் ஒட்டிக்கிச்சு, தண்ணில கழுவிக்கினாரு. மரம் அங்கியே தான் கீது, வா காட்டறேன்."

அத்தை புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினார். திட்டின் சேற்றில் ஒரு கையால் என்னையும் மறு கையால் படகுக்காரரையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். மரம் நின்றது. ஒடித்த இடத்தில் புதுத் தளிர் விட்டிருந்தது. நான் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டார்:

"வரும்போது அவருக்கு மூச்சு வாங்கிச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. பாடிக்கினே தான் வந்தாரு."

அத்தை அந்தச் சேற்றிலேயே நின்று அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல" என்றார். கடைசி நாட்களில் நீங்கள் யாரிடமும் சொல்லாமல் வலியில் தவித்தீர்களோ என்பதுதான் இத்தனை மாதங்களாக அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று இரவு அவர் வயிறாரச் சாப்பிட்டார். ஏன் மாமா, அவரிடம் மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

படத்தில் புள்ளி வைத்துவிட்டேன். பேராசிரியர் கிளையை ஒட்டிய தாளைக் காட்டி, "சேகரித்தவர் இடத்துல உங்க பேரை எழுதிடுங்க, நீங்கதானே தேடிப்பிடிச்சீங்க" என்றார். பறித்தவர் பெயரைத்தான் எழுத வேண்டும் சார் என்றேன். அடையாற்று முகத்துவாரம், நடுத்திட்டு என்று எழுதி, அதன் கீழே கறுப்பு மையில் உங்கள் பெயரை எழுதினேன்: சூ. அருளப்பன். கல்லூரியின் செடித் தொகுப்பில் இனி அந்தத் தாள் இருக்கும். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "டிரில் மாஸ்டர்னு போடலையா?" என்றார்.

வருகிற சனிக்கிழமை கோவளத்துக்கு உப்பங்கழி பார்க்கப் போகிறோம். அத்தை இப்போதே புளிச்சோற்றுக்குத் திட்டம் போட்டுவிட்டார். அவரைத் தனியாக விட மாட்டேன், மாமா. நான் போகிற கரைக்கெல்லாம் அவரையும் அழைத்துப் போவேன்.

என்றும் உங்கள் மருமகள்,
ரெஜினா