ராக்னா வந்தாச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? சிகாகோவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காப்பகத்தில் இப்போது பழைய உத்தியோகப் பெண்கள் சங்கத்தின் வருகைப் பதிவுகளை அடுக்குகிறேன். அலாஸ்காவுக்கு வேலைக்குப் போய்விட்ட டாக்டர் ராக்னாவுக்கும் மாதாமாதம் ‘வந்தாச்சு’ என்று போட்டிருந்தது. பிழை என்று குறித்து வைத்தேன். இந்தப் பதிவுப் பெட்டிகளைக் காப்பகத்துக்குக் கொடுத்த சங்கத்தின் முன்னாள் செயலாளர் லவீனா அதைப் பார்த்துவிட்டுப் பொரிந்து தள்ளினார்.

“பிழையா? வேலைக்குப் போனவளை ‘வரலை’ன்னா எழுதுவாங்க? அவ பேரைக் கூப்பிட்டா நாங்க எல்லாரும் சேர்ந்து ‘வந்தாச்சு’ன்னு கத்துவோம்டி!”

குறிப்பை அழித்துவிட்டேன்.

என் கம்பளிக் கையுறையை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் என் நாற்காலியில் பூனையை உட்காரவிடாதே. அப்பா ஜெபத்தில் என் பெயரைச் சொல்லும்போது, நீ ‘வந்தாச்சு’ என்று சொல்லிவிடு.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் மகள்,
மார்ட்டா