செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு விழுந்த கையெழுத்து

14, திங்கள். காலையில் தூறல்.

நிர்மலாவின் ஆபீசான மாடி அறையில் இருந்தவர்கள்: பேத்தி நிர்மலா, என் சின்ன மகன் சேகர், கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் ஸ்டெல்லா, நான்.

பத்தரைக்கு நிர்மலாவுக்குப் போன். தொழிற்பேட்டையில் நம் வெப் அப்ளிகேஷனை வைத்து லாரிக்கு கேட் பாஸ் போடும் கம்பெனி. பாஸ் வரவில்லை, ரோடு வரை லாரி. புதுப் பதிப்பு ஒன்று நேற்று ராத்திரி அங்கே ஏறியிருக்கிறது. நிர்மலா அனுப்பவில்லை. ஆனால் நம் கையெழுத்து இருக்கிறது.

பேனாக் கையெழுத்து இல்லை. புரோகிராமைக் கட்டி முடித்ததும் பென் டிரைவ் மாதிரி ஒரு சாவியைச் செருகி நம்பர் அடித்தால் விழுவது. அது இருந்தால்தான் கம்பெனி மெஷின் உள்ளே விடும். வேறு ஆள் போடவே முடியாதாம். நம்பர் தெரிந்தவர்கள் அவர்கள் மூன்று பேர். சாவி என் பீரோவில். இரண்டு பேராக வந்து கேட்க வேண்டும், நான் நோட்டில் எழுத வேண்டும். "ஆயா எதையும் மறக்காது" என்று நிர்மலா எனக்குக் கொடுத்த வேலை.

கையெழுத்து விழுந்த நேரம் அதிலேயே பதிந்திருக்கிறது. போன செவ்வாய், பகல் 11.10. நோட்டில் அன்று ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு நான் பெங்களூர்ல. சித்தப்பா தளிக்குப் போயிருந்தேங்கறாரு. நீ ஒருத்திதான்டி இங்க. ஆயா குளிக்கறப்ப சாவிக்கொத்து ஆணிலதான தொங்குது?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டாள் நிர்மலா.

"மாதா சத்தியமா நான் தொடலக்கா." ஸ்டெல்லா அழுகை. சேகர் போண்டா தின்றுகொண்டிருந்தான்.

"ஆயா, நீ யாருக்காச்சும் குடுத்தியா?"

"நோட்டப் பாரு" என்றேன்.

15, செவ்வாய். நல்ல வெயில். மிளகாய் காயப் போட்டது. முட்டிக்குத் தைலம் வாங்க வேண்டும்.

தளியிலிருந்து காய் விற்க வரும் அம்மா கூடையோடு வந்தாள். "அஜ்ஜி, அவரேகாயி பேக்கா?" அவரைக்காய் வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்கிறாள். அரைக் கிலோ வாங்கினேன். பாதி முற்றல். அடுத்த வாரம் கேட்க வேண்டும்.

நாட்றாம்பாளையத்து நாத்தனார் பேரன் கல்யாணப் பத்திரிகை. போக மாட்டேன். நாற்பத்தாறு வருடம் முன்பு என்னைப் பந்தியிலிருந்து எழுப்பியவள். மூன்றாவது இலை. ரசம் வந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா வரவில்லை. சாவியைத் தப்பாக எடுத்தாள், வேலையை விட்டு நீக்கியாயிற்று என்று நாளைக்கு நிர்மலா கடிதம் கொடுப்பாளாம். கம்பெனிக்கும் ஒரு நகல். அதற்கப்புறம் ஓசூரில் எந்த ஆபீசும் அவளைச் சேர்க்காது.

போன செவ்வாய் எனக்கு மறக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்து போன பிறகு சேகர் கீழே வந்தான். தளியும் இல்லை கிளியும் இல்லை.

"அம்மா, அந்தச் சாவியக் குடு. கேட் பாஸ் கம்பெனிக்காரன் உசுர எடுக்கறான். அஞ்சு நிமிசம்."

"எழுதணும்டா."

"பெத்த புள்ளைக்கு நோட்டா? நல்லா இருக்குதும்மா உன் ஞாயம்."

கொடுத்தேன். எழுதவில்லை. பெற்ற மகன் பெயரை ஊரான் பெயர் போல எழுதக் கை வரவில்லை. அவன் வாயால் சொல்லட்டும் என்று இரண்டு நாள் பார்த்தாயிற்று. ராத்திரிச் சாப்பாட்டில் கூட அவரைக்காய்க்கு உப்புக் குறை என்றுதான் சொன்னான்.

16, புதன். மேகமூட்டம். தண்ணீர் லாரி வரவில்லை.

ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் காலை பத்துக்கு வந்தார்கள். நிர்மலா கடிதத்தை எடுத்தாள். நான் நோட்டைத் திறந்து எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். "8, செவ்வாய், பகல் 11 மணி. சாவி எடுத்தது சேகர். கொடுத்தது நான். கூட வேறு யாரும் இல்லை."

"சின்ன மாத்தம்தான். டெஸ்ட் பண்ண நேரமில்ல" என்றான் சேகர், சுவரைப் பார்த்து.

"திங்கக்கெழமையே வாயத் தொறந்திருக்கலாமில்ல ஆயா?" என்றாள் நிர்மலா.

"தொறந்திருக்கலாம்."

ஸ்டெல்லாவின் அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. நிர்மலா கடிதத்தைக் கிழித்தாள், கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள், சாவியின் நம்பரை மாற்றினாள். புது நம்பரைத் தன் கைப்பட ஸ்டெல்லாவுக்கு எழுதிக் காட்டினாள். ஸ்டெல்லா நாளைக்கு வருகிறேன் என்றாள். காப்பி வேண்டாம் என்றாள்.

எல்லாரும் போன பிறகு சேகர் அடுப்படிக்கு வந்தான். "அது சின்னப் பொண்ணு, எங்கயாச்சும் போயிப் பொழச்சிக்கும். எனக்கு வயசு அம்பதும்மா. ரெண்டு நாளு பேசாம இருந்த, மூணாம் நாளும் இருந்திருக்கக் கூடாதா?"

சாவி எடுத்ததை விட்டுவிடலாம். கொடுத்தவள் நான். பேசாமல் இருந்ததிலும் எனக்குப் பங்கு உண்டு, நோட்டில் இருக்கிறது. மூணாம் நாளும் பேசாமல் இருக்கச் சொன்னதை மட்டும் விட மாட்டேன். சொன்னவன் பெயரை எழுதுகிறேன். சேகர்.