பன்னிரண்டு மணி நேரச் சட்டமும் உன் இடது கண்ணும்

நேற்று மாலை திருவேங்கடம் சாலை முக்கில் டயரைக் கொளுத்தினார்கள். சட்டசபையில் ஏதோ புது மசோதாவுக்குக் கை தூக்கிவிட்டார்களாம். கரும்புகை நம் தெரு வரைக்கும் வந்தது. வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ரப்பர் கருகும் வாடை இன்னும் என்னை நேராக உன் தறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அன்றும் முதலில் டயர்தான் எரிந்தது. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கலாம் என்று முந்தின நாள் மசோதா நிறைவேறியிருந்தது. நம் விசைத்தறிக் கூடங்களில் சட்டம் இல்லாமலே பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள் நாம். "இப்பம் கேக்கதுக்காவது வாயி இருக்கு. சட்டமே வந்துட்டா அதுவும் போச்சுல்லா" என்று டீக்கடையில் முதலில் சொன்னவன் நீதான். மசோதாவை எதிர்த்து எழுதிய மனுவில் முதல் கையெழுத்தும் உன்னுடையது.

தறிகளை நிறுத்திவிட்டுச் செய்த மறியலில் தள்ளுமுள்ளு வந்தது. கல் பறந்தது, தடியடி நடந்தது. என் தோளில் ஒரு அடி விழுந்தது. அடித்தவரைத் திருப்பி அடிக்க முடியாத ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தேன். அப்போது யாரோ கத்தினார்கள்: "ஏலே, நம்ம கூடத்துல தறி ஓடுது!"

கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனோம். ட்யூப் லைட்டுகள் நொறுங்கின. ஒருவன் பாவில் அரிவாளை இழுத்தான். இழுத்துக் கட்டியிருந்த இழைகள் அத்தனையும் சுருண்டு விழுந்தன. கடைசித் தறியில் நீ நின்றாய்.

"கால் சேலைதாம்லே பாக்கி, அறுத்துக் குடுத்துட்டு வாரேன். அங்கன கை தூக்குனவன் மேல கோவம்னா அங்கன போயி காட்டுங்க. தறி என்னலே செஞ்சிச்சு?" என்று எல்லாருக்குமாகக் கத்தினாய். கத்திக்கொண்டே மோட்டாரை நிறுத்தத் திரும்பினாய். ஆம், நிறுத்தத்தான் திரும்பினாய். அதற்குள் என் கையிலிருந்த இரும்புக் கம்பி தறியில் இறங்கிவிட்டது. ஊடைநூலோடு இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்த நாடாக்கட்டை, இரும்பு முனையோடு எகிறி உன் முகத்தில் பாய்ந்தது.

இடது கண்ணைப் பொத்திய உன் விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்து நெய்த சேலையில் சொட்டியது. எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். கம்பியைச் சாக்கடையில் போட்டேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன் கால்மாட்டில் நான் நின்றபோது போலீஸ்காரர் கேட்டார், "யாருய்யா அடிச்சா?"

"யாரும் அடிக்கல சார். பழைய தறி. நாடா தானாப் பறந்துட்டு" என்றாய்.

நீ என் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தில் ஆளைப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே சோறு தின்றேன், தூங்கினேன்.

சில நாளில் அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. வெளியே வெடிச் சத்தம் கேட்டு, "என்னலே அது?" என்றாய். சொன்னேன். "அப்பம் நாம செயிச்சிட்டோம்" என்றாய், கட்டுப் போட்ட முகத்தோடு. அந்த 'நாம' என்னைக் குத்தியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அதன்பிறகு இழை அறுந்தால் உன் ஒற்றைக் கண்ணுக்குத் தெரியவில்லை. தறியை விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனாய். தினமும் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்தோம். மழை, விலைவாசி, எம்.எல்.ஏ. என்று எல்லாம் பேசினோம். நடு நடுவே நீ பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பாய். நான் வெற்றிலை போடுவேன்.

மாரடைப்பு உன்னைக் கொண்டுபோன பதினாறாம் நாள், பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு, உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். "நாந்தாம்மா அடிச்சேன்."

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியும் அண்ணாச்சி. அவிய அன்னைக்கு ராத்திரியே எங்கிட்ட சொல்லிட்டாவ. 'அவன் வாயால சொல்லட்டும்'னு இருந்தாவ. சாயங்காலம் உங்ககூட இருந்துட்டு வந்ததும் 'இன்னைக்கும் சொல்லலட்டி'ம்பாவ. ரெண்டு வருசம்."

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? மன்னித்திருப்பாய் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய். சட்டையைப் பிடித்து அறைந்திருப்பாய். அந்த அறை எனக்கு வர வேண்டியது. இனி யார் அடித்தாலும் அது உன் கையாகாது. அந்த அறைக்குக் கன்னத்தைக் காட்டியபடியே நடந்துகொண்டிருக்கிறேன்.